குழி வெட்டிக் காத்திருந்த மிஷனரி



வீட்டில் ஒரு மரணம் நேரிட்டு, பல மாதங்கள் ஆன பின்பும் ஒருவர் தேறாமல் இருந்தால் நாம் என்ன சொல்லுகிறோம்? விசுவாசம் பத்தாது, ஜெபம் பத்தாது என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொல்லுமுன், பர்மாவுக்கு வேதத்தைக் கொடுத்த அதோனிராம் ஜட்சனின் வாழ்க்கையைச் சற்று கவனியுங்கள்.

ஜட்சன் 1788-ல் அமெரிக்காவில் பிறந்தவர். 1812-ல் மனைவி ஆன் அம்மையாரோடு கப்பலேறினார். 1813 ஜூனில் நம்முடைய சென்னைப் பட்டணத்துக்கு வந்து, இங்கிருந்துதான் ரங்கூனுக்குப் போனார்கள். முதல் ஆத்துமா ஞானஸ்நானம் பெற ஆறு வருஷம் ஆயிற்று! இதற்கிடையில் அவர்களுடைய கைக்குழந்தை ரோஜரையும் அந்த மண்ணிலேயே அடக்கம் பண்ணினார்கள்.

1824-ல் ஆங்கிலேயருக்கும் பர்மாவுக்கும் யுத்தம் மூண்டது. ஒற்றன் என்ற சந்தேகத்தில் ஜட்சனை ஆவா நகரத்துச் சிறையில் போட்டார்கள். காலில் விலங்கு. இராத்திரியில் மூங்கிலில் கால்களை மாட்டி உயரத் தூக்கிவிடுவார்கள். ஏறக்குறைய ஒன்றரை வருஷம் இப்படிப் பாடுபட்டார். ஆன் அம்மையார் கைக்குழந்தை மரியாளையும் சுமந்துகொண்டு, சாப்பாடு கொண்டுபோய், அதிகாரிகளிடம் கெஞ்சி, அவர் உயிரைக் காப்பாற்றினார். மொழிபெயர்த்த புதிய ஏற்பாட்டின் கையெழுத்துப் பிரதியைத் தலையணைக்குள் மறைத்து வைத்ததும் அவர்தான்.

விடுதலை வந்தது. ஆனால் 1826 அக்டோபர் 24-ல், ஜட்சன் வெளியூரில் இருந்தபோதே, ஆன் அம்மையார் 36-ம் வயதில் காய்ச்சலில் மரித்துப்போனார். ஆறு மாதத்தில் குழந்தை மரியாளும் போய்விட்டாள். தகப்பனார் மரித்த செய்தியும் அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்தது.

இதற்குப் பின்புதான் கவனிக்க வேண்டிய காரியம் வருகிறது. ஜட்சன் ஊழியத்தை விட்டு ஓடவில்லை. ஜெபத்தை விடவில்லை; அதிகமாக்கினார். தமக்குக் கிடைத்த டாக்டர் பட்டத்தைத் துறந்தார். தம்முடைய பழைய கடிதங்களை அழிக்கச் சொன்னார். தம் பணத்தை மிஷனுக்குக் கொடுத்தார். 1828-ல் மோல்மீனில் காட்டோரம் ஒரு குடிசை போட்டுத் தனியே ஒதுங்கினார். ஒரு குழியை வெட்டிவைத்து, அதன் ஓரத்தில் உட்கார்ந்து தம் சரீரம் அழிந்துபோவதையே தியானித்தார். தேவனை விசுவாசித்தார், ஆனால் அவருடைய சமுகத்தை உணர முடியவில்லை என்று எழுதினார்.

பார்க்கிறவர்களுக்கு இது பரிசுத்தமாய்த் தெரிந்திருக்கும். உள்ளே நொறுங்கிக்கொண்டிருந்தார்! துக்கம் வேறு, மனச்சோர்வு என்னும் நோய் வேறு. துக்கம் அலைபோல வரும், போகும். நடுவில் சிரிப்பும் வரும். மனச்சோர்விலோ எதிலும் சந்தோஷம் இராது. தூக்கமும் பசியும் கெடும். நான் எதற்கும் லாயக்கில்லை என்ற குற்ற உணர்வு அரிக்கும், மனிதரை விட்டு ஒதுங்கத் தோன்றும், சாவே நல்லது என்றிருக்கும். துக்கமே நீண்ட நாள் விடாமல் வாழ்க்கையை முடக்கினால் அதுவும் சிகிச்சை தேவைப்படுகிற நிலை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் 2022 முதல் சொல்லுகிறது.

ஜட்சன் எப்படி எழுந்தார்? ஒரே நாளில் அல்ல. உடன் ஊழியரும் பர்மிய விசுவாசிகளும் அவரைக் கைவிடவில்லை. வருஷக்கணக்காய் அவர் ஜெபித்து வந்த தம்பி எல்நாத்தான் இரட்சிப்பின் நம்பிக்கையோடு மரித்தார் என்ற செய்தி வந்தது. 1830-ல் மறுபடியும் ஜனங்கள் நடுவே பிரயாணம் புறப்பட்டார். கொஞ்சம் கொஞ்சமாய் வெளிச்சம் திரும்பியது. 1834 ஜனவரி 31-ல் பர்மிய மொழியில் முழு வேதாகமத்தையும் மொழிபெயர்த்து முடித்தார்! 1850-ல் கடற்பயணத்தில் மரிக்கும்வரை அந்த ஜனங்களுக்காகவே உழைத்தார்.

பிரியமானவர்களே, சூரைச்செடியின் கீழே சாகக் கேட்ட எலியாவைக் கர்த்தர் அதட்டவில்லை. தூங்கவிட்டார், தூதனை அனுப்பிச் சாப்பிடக் கொடுத்தார், அதற்குப் பிறகுதான் பேசினார். நாமும் அப்படியே செய்வோம். துக்கவீட்டுக்கு மூன்றாம் நாளோடு போவதை நிறுத்திவிடாதிருங்கள்; மூன்றாம் மாதமும் போங்கள். பிரசங்கம் பண்ண வேண்டாம், பக்கத்தில் உட்காருங்கள், சோறு கொண்டுபோங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஒருவர் இருளிலேயே இருந்தால் மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். சாவைப் பற்றிப் பேசினால் ஒரு நாள்கூடத் தாமதிக்காதிருங்கள், தனியே விடாதிருங்கள். காய்ச்சலுக்கு ஜெபித்துக்கொண்டே மருந்து சாப்பிடுகிறோமே, இதற்கு மட்டும் வெட்கம் ஏன்?

இதை வாசிக்கிற நீங்களே அந்தக் குழியோரத்தில் உட்கார்ந்திருக்கிறீர்களா? உங்களைக் கர்த்தர் தள்ளிவிடவில்லை. இன்றைக்கே ஒருவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். ஜட்சன் வெட்டிவைத்த குழி அவருக்கு உதவவில்லை. அவருக்கு முன்னே இன்னும் இருபது வருஷ ஊழியம் இருந்தது!