சேவைச் செம்மல் டாக்டர் பல்ப்பு

1898-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பெங்களூரில் பிளேக் நோய் நுழைந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு பம்பாயில் தோன்றிய அந்தக் கொள்ளைநோய், ஹூப்ளி வழியாக ரயில் பாதையைத் தொடர்ந்து வந்து இந்நகரை அடைந்தது. பேட்டைப் பகுதியின் நெருக்கமான தெருக்களில் எலிகள் செத்து விழுந்தன. சில நாட்களில் மனிதர்களும் மடியத் தொடங்கினர். வசதியுள்ளவர்கள் ஊரை விட்டு வெளியேறினார்கள். ஏனையோர் நகருக்கு வெளியே அமைக்கப்பட்ட முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். இன்று நாம் காணும் பசவனகுடியும் மல்லேஸ்வரமும், நெரிசலிலிருந்து மக்களை அகற்றிக் காற்றோட்டமான இடத்தில் குடியமர்த்துவதற்காக அந்த நாட்களில் உருவாக்கப்பட்டவையே. எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியே நோயைப் பரப்புகிறது என்பதை அவ்வாண்டில்தான் ஒரு பிரெஞ்சு மருத்துவர் கண்டறிந்திருந்தார். உலகம் அதை ஏற்பதற்கு மேலும் சில ஆண்டுகள் பிடித்தன. எனவே அன்று ஒரு பிளேக் நோயாளியை அணுகிய மருத்துவர், எதிலிருந்து தம்மைக் காத்துக்கொள்ள வேண்டும் என்று அறியாமலேயே அணுகினார்.

அத்தகைய முகாமின் பொறுப்பை ஏற்று, நோயாளிகளின் நடுவே பணியாற்றியவர் டாக்டர் பத்மநாபன் பல்ப்பு. அப்போது அவருக்கு 34 வயது. சொந்த ஊரில் இருந்திருந்தால், அவர் அருகில் வந்தாலே தீட்டு என்று சொல்லி மக்கள் விலகியிருப்பார்கள்.

பல்ப்பு 1863-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் தேதி திருவனந்தபுரத்தின் பேட்டை என்னும் பகுதியில் பிறந்தார். அவரது குடும்பம் ஈழவ சமூகத்தைச் சேர்ந்தது. திருவிதாங்கூரின் மக்கள்தொகையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கினர் ஈழவர்கள். தென்னையும் கயிறும் கள்ளும் நெசவும் உழவும் அவர்களது தொழில்கள். சமஸ்கிருதமும் ஆயுர்வேதமும் சோதிடமும் கற்ற குடும்பங்களும் அவர்களிடையே இருந்தன. ஆயினும் ஆலயத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் அவர்கள் நடக்க முடியாது; அந்தணரிடமிருந்து இத்தனை அடி தூரம் விலகி நிற்க வேண்டும் என்ற கணக்கு இருந்தது; அரசுப் பள்ளிகள் பலவற்றின் கதவும், அரசுப் பணியின் கதவும் மூடியிருந்தன. பல்ப்புவின் அண்ணன் வேலாயுதன் பி.ஏ. பட்டம் பெற்றவர். தமது சமூகத்தின் முதல் பட்டதாரியான அவருக்குத் திருவிதாங்கூரில் ஒரு வேலையும் கிடைக்கவில்லை. சென்னை மாகாண அரசு அவரை ஏற்றுக்கொண்டது.

தம்பியின் அனுபவமும் அதுவே. திருவிதாங்கூர் அரசு நடத்திய மருத்துவப் படிப்பிற்கான தேர்வில் பல்ப்பு தேறினார். ஆனால் இடம் தரப்படவில்லை. வயது காரணம் என்று சொல்லப்பட்டது. உண்மைக் காரணம் எல்லாருக்கும் தெரிந்ததே. கடன்பட்டும் பிறர் உதவி பெற்றும் சென்னை சென்று, அங்குள்ள மருத்துவக் கல்லூரியில் படித்து எல்.எம்.எஸ். பட்டம் பெற்றார். பட்டத்துடன் திரும்பி வந்து மீண்டும் தம் நாட்டு அரசின் கதவைத் தட்டினார். மீண்டும் மறுப்பு. இம்முறை வயதைக் காரணம் சொல்லவும் வழியில்லை.

சென்னையில் அவருக்குக் கிடைத்த பணி அம்மைப்பால் தயாரிக்கும் நிலையத்தில். அம்மைப்பால் என்பதைப் பற்றி இங்குச் சற்று விளக்க வேண்டும். அதற்கு முன்பு, அம்மை குத்தப்பட்ட ஒரு குழந்தையின் கையில் எழும் கொப்புளத்திலிருந்து நீரை எடுத்து, அடுத்த குழந்தையின் கையில் குத்துவார்கள். எந்தச் சாதிக் குழந்தையின் கொப்புளநீர் நம் குழந்தையின் உடலில் ஏறுகிறதோ என்று அஞ்சிப் பலரும் இதை எதிர்த்தார்கள். கன்றுக்குட்டியின் தோலில் கொப்புளத்தை வளர்த்து, அதிலிருந்து நிணநீரை எடுத்துப் பதப்படுத்தும் முறை வந்த பிறகே அந்தத் தயக்கம் குறைந்தது. பல்ப்பு தேர்ச்சி பெற்றிருந்தது இந்தத் துறையில்தான். எவருடைய நிழலும் தங்கள்மீது படலாகாது என்று எண்ணிய குடும்பங்களின் குழந்தைகளுக்குள், அவரது மேற்பார்வையில் தயாரான அம்மைப்பால் சென்று உயிர்காத்தது. பெரியம்மை சாதி பார்ப்பதில்லை. அதன் மருந்தும் பார்க்கவில்லை.

1891-இல் மைசூர் சமஸ்தானம் அவரைத் தன் பணியில் சேர்த்துக்கொண்டது. அவர் பெங்களூருக்கு வந்தார். அப்போது மைசூரின் திவானாக இருந்தவர் பாலக்காட்டுப் பகுதியில் பிறந்த தமிழரான சர் கே. சேஷாத்ரி ஐயர். மன்னர் பத்தாம் சாமராஜேந்திர உடையார். தாய்நாடு மறுத்ததை அண்டைநாடு தந்தது.

இத்துடன் நின்றிருந்தால், திறமைக்கு வேறிடத்தில் மதிப்புக் கிடைத்த ஒருவரின் வெற்றிக் கதையாக இது முடிந்திருக்கும். பல்ப்புவால் அவ்வாறு நிற்க முடியவில்லை. திருவிதாங்கூர் அரசுப் பணிகளில் வெளியூரார்க்கு முன்னுரிமை தரப்படுவதை எதிர்த்து 1891 ஜனவரியில் ‘மலையாளி மெமோரியல்’ என்ற பெயரில் ஒரு விண்ணப்பம் மகாராஜாவிடம் அளிக்கப்பட்டது. சென்னையிலிருந்து பத்திரிகை நடத்திய ஜி. பரமேஸ்வரன் பிள்ளை அதற்கு முன்னின்றார். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்ட அந்த விண்ணப்பத்தில் மூன்றாம் கையெழுத்து பல்ப்புவினுடையது. விண்ணப்பத்தால் பிற சமூகத்தினர் ஓரளவு பயன்பெற்றனர். ஈழவர்களுக்குக் கிடைத்த பதிலோ, அவர்கள் தத்தம் குலத்தொழிலிலேயே நிறைவு காணலாம் என்ற கருத்தில் அமைந்தது.

மறு ஆண்டு, 1892-இல், பெங்களூருக்கு ஓர் இளம் சன்னியாசி வந்தார். முதலில் அவரை யாரும் அறியவில்லை. பின்னர் திவான் சேஷாத்ரி ஐயரின் இல்லத்தில் சில வாரங்கள் விருந்தினராகத் தங்கினார்; மன்னரின் அன்புக்கும் பாத்திரமானார். அவர்தாம் சுவாமி விவேகானந்தர். சிகாகோவுக்கு இன்னும் ஓராண்டு இருந்தது. இந்த நாட்களில் பல்ப்பு சுவாமிஜியைச் சந்தித்துத் தம் மக்களின் நிலையை எடுத்துரைத்தார் என்று கேரளத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. மேல்சாதியினரிடம் சென்று கெஞ்சிக்கொண்டிருப்பதால் பயனில்லை. இந்த நாட்டில் எந்த மாற்றமும் ஆன்மிகத்தின் வழியாகவே வேர்கொள்ளும். ஆகவே உங்கள் மக்களுக்குள்ளேயே ஓர் ஆன்மிகப் பெருந்தகையைக் கண்டுபிடித்து, அவரை நடுவாகக் கொண்டு ஒன்றுபடுங்கள் என்பது சுவாமிஜி கூறிய அறிவுரையின் சாரம் என்பர். இதன்பின் சுவாமிஜி மலையாள நாட்டின் வழியாகத் திருவனந்தபுரமும் கன்னியாகுமரியும் சென்றார். அங்கு நிலவிய தீண்டாமையைத் தம் கண்ணாலேயே கண்டார். 1897-இல் சென்னையில் ஆற்றிய சொற்பொழிவில் அதை அவர் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பது அன்பர்கள் அறிந்ததே.

ஒரு சந்திப்பு ஒருவரின் வாழ்வையே அடியோடு மாற்றிவிட்டது என்று எழுத நமக்கெல்லாம் விருப்பம். நிகழ்ச்சிகளின் வரிசை அவ்வளவு எளிதாக இல்லை. சுவாமிஜியைச் சந்தித்து நான்கு ஆண்டுகள் கழித்தும் பல்ப்பு விண்ணப்பம்தான் எழுதிக்கொண்டிருந்தார். விடுமுறை எடுத்துத் திருவிதாங்கூர் சென்றார். ஊர் ஊராக அலைந்தார். தம் ஊதியத்தைச் செலவிட்டார். 1896 செப்டம்பர் 3-ஆம் தேதி, 13,176 பேர் கையெழுத்திட்ட ‘ஈழவ மெமோரியல்’ மகாராஜா மூலம் திருநாளிடம் அளிக்கப்பட்டது. அதன் வாதம் எளிமையானது, மறுக்க முடியாதது. இதே ஈழவர்கள் அண்டையில் உள்ள பிரிட்டிஷ் மலபாரில் உயர்பதவிகள் வகிக்கின்றனர். இதே ஈழவர் வேறு மதத்துக்கு மாறிவிட்டால் திருவிதாங்கூரிலேயே அவருக்கு இருந்த தடைகள் அகன்றுவிடுகின்றன. அப்படியானால் இந்துவாக நிலைத்திருப்பதற்கு ஓர் இந்து அரசு தரும் தண்டனையா இது? இந்தக் கேள்விக்கு இறங்கிவந்த பதில் ஏதும் வரவில்லை. 1900-இல் வைசிராய் கர்ஸன் பிரபுவுக்கும் ஒரு விண்ணப்பம் சென்றது. அதனாலும் பலனில்லை.

பல்ப்பு சுவாமிஜியின் சொல்லைப் புறக்கணித்தார் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. உரிமையைக் கேட்பதை விட்டுவிட்டு ஆன்மிகத்தின் பக்கம் ஒதுங்கிவிடு என்று சுவாமிஜி சொல்லியிருப்பார் என எண்ணுவதுதான் தவறு. பல்ப்பு இரண்டையும் செய்தார். விண்ணப்பங்கள் ஓடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், பெங்களூரில் அவரது இல்லத்தில் வேறொரு வேலை அமைதியாக நடந்துவந்தது.

1888-இல் நெய்யாற்றங்கரைக்கு அருகிலுள்ள அருவிப்புறத்தில், ஆற்றிலிருந்து எடுத்த ஒரு கல்லைச் சிவலிங்கமாகப் பிரதிஷ்டை செய்திருந்தார் ஸ்ரீ நாராயண குரு. ஈழவர் ஒருவர் சிவப் பிரதிஷ்டை செய்வதா என்று நாடே அதிர்ந்தது. தமிழிலும் சமஸ்கிருதத்திலும் ஆழ்ந்த புலமையும் அத்வைத அனுபூதியும் உடைய அந்த மகான் 1895-ஆம் ஆண்டளவில் பெங்களூருக்கு எழுந்தருளி, பல்ப்புவின் இல்லத்தில் தங்கினார். அவருடன் குமாரு என்ற 22 வயது இளைஞனும் வந்தான். ‘சின்னசாமி’ என்று மற்றவர்கள் அன்போடு அழைத்த அந்த இளைஞனைக் குரு பல்ப்புவிடம் ஒப்படைத்தார். பல்ப்பு அவனைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டு, பெங்களூர் ஸ்ரீ சாமராஜேந்திர சமஸ்கிருதக் கல்லூரியில் சேர்த்தார். அக்காலத்தில் அந்தணர் அல்லாத ஒரு மாணவனுக்கு அப்படியோர் இடம் கிடைப்பது எளிதன்று. மூன்றாண்டுகள் அவன் அங்குத் தர்க்க சாஸ்திரம் பயின்றான். பிளேக் வந்தது, கல்வி தடைப்பட்டது. பல்ப்பு அவனைக் கைவிடவில்லை. கல்கத்தா சமஸ்கிருதக் கல்லூரிக்கு அனுப்பி, அங்கும் செலவை ஏற்றார். வங்கத்தின் மறுமலர்ச்சி உச்சத்தில் இருந்த காலம் அது. இந்த இளைஞன்தான் பின்னாளில் மலையாளக் கவிதையின் திசையையே மாற்றிய மகாகவி குமாரன் ஆசான். ஒரு மருத்துவரின் மாதச் சம்பளம் ஒரு மொழிக்கு என்ன செய்ய முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பல்ப்பு ஐரோப்பாவுக்கும் சென்றார். மைசூர் அரசின் ஆதரவுடன் இங்கிலாந்தில் பொதுச் சுகாதாரத்தில் உயர்கல்வி பெற்றுத் திரும்பினார். நண்பர் பரமேஸ்வரன் பிள்ளையின் முயற்சியால் ஈழவர்களின் குறை லண்டனிலும் பேசப்பட்டது. பெங்களூர் திரும்பியபின் நகரின் சுகாதாரப் பணிகளில் உயர்ந்த பொறுப்புகளை வகித்தார். திருவிதாங்கூர் அரசுப் பணி அவருக்குக் கடைசிவரை வாய்க்கவில்லை.

1903-ஆம் ஆண்டு மே 15-ஆம் தேதி ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகம் பதிவு செய்யப்பட்டது. தலைவர் நாராயண குரு. பொதுச்செயலாளர் குமாரன் ஆசான். பின்னின்று இதற்கு உருவம் கொடுத்தவர் பல்ப்பு. அருவிப்புறத்துக் கோயிலைச் சுற்றி இருந்த சிறு குழுவிலிருந்து கிளைத்த இந்த அமைப்பு, பள்ளிகளையும் கோயில்களையும் நிறுவியது; 1905-இல் கொல்லத்தில் ஒரு கைத்தொழில் கண்காட்சியையும் நடத்தியது. 13,176 கையெழுத்துகளால் பெற முடியாததை, ஆற்றில் எடுத்த ஒரு கல்லும் அதன் முன் கூடிய மக்களும் சிறிது சிறிதாகப் பெற்றனர். முதலில் சில பள்ளிகளில் இடம்; பிறகு சில பதவிகள்; 1924-இல் வைக்கம் சத்தியாக்கிரகம்; 1936 நவம்பர் 12-இல் ஆலயப் பிரவேசப் பிரகடனம். ஆசான் 1924-இலும் குரு 1928-இலும் மறைந்துவிட்டார்கள். அந்தப் பிரகடனத்தைக் காண மூவரில் எஞ்சியிருந்தவர், 73 வயது நிரம்பிய பல்ப்பு மட்டுமே.

அவரது குடும்பத்தைப் பற்றி ஒன்று. 1895-இல் பெங்களூரில் பிறந்த அவருடைய மகன் நடராஜன், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றார். மருத்துவரின் மகன் தந்தையின் வழியில் பதவிகளைத் தேடவில்லை. நாராயண குருவின் சீடராகித் துறவு மேற்கொண்டார். 1923-இல் உதகமண்டலத்தை அடுத்த பெர்ன்ஹில்லில் நாராயண குருகுலத்தைத் தொடங்கிய நடராஜ குரு அவர்தாம். பின்னர் பாரிஸ் நகரின் ஸோர்போன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பட்டமும் பெற்றார். தம் மக்களுக்காக ஒரு ஞானியைத் தேடிய தந்தையின் வீட்டிலேயே, அந்த ஞானியின் வழித்தோன்றல் வளர்ந்துகொண்டிருந்தார்.

பல்ப்பு 1920-ஆம் ஆண்டில் மைசூர் அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்றார். எஞ்சிய ஆண்டுகளைத் திருவனந்தபுரத்தில், எந்த ஊர் தமக்கு வேலை தர மறுத்ததோ அந்த ஊரிலேயே கழித்தார். 1950-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் தேதி, தமது 86-ஆம் வயதில் அங்கே காலமானார். மறுநாள் இந்தியக் குடியரசின் அரசியல் சாசனம் நடைமுறைக்கு வந்தது. தீண்டாமையை ஒழிக்கும் அதன் 17-ஆம் பிரிவும் அன்றுதான் சட்டமாயிற்று.