யானைக்கால் நோய்க்கு மாத்திரை தந்த மேதை

வீங்கிப் பருத்த காலை இழுத்து நடப்பவரைக் கண்டு, முன்வினைப் பயன் என்று ஒதுங்கிப்போன காலம் ஒன்று உண்டு. ஆனால், யானைக்கால் நோய்க்குக் காரணம் நூல் போன்ற ஒரு புழு. கொசுக்கடியால் உடலில் புகுந்து, நிணநீர்க் குழாய்களில் தங்கி, எண்ணற்ற குஞ்சுப் புழுக்களை ஈன்று இரத்தத்தில் விடுகிறது. இந்தப் புழுவுக்கு மாத்திரை காண வழிகாட்டியவர், சென்னையில் படித்த டாக்டர் எல்லப்பிரகட சுப்பாராவ்.

அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த பீமவரத்தில் 1895-ம் ஆண்டு பிறந்தார். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இருமுறை தோற்று, மூன்றாம் முறை தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தபோது, காந்தியடிகளின் அறைகூவலை ஏற்றுக் கதர் அங்கி அணிந்தார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பொறுக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில், அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். தான் கிடைத்தது.

1922-ல் மனைவியை ஊரில் விட்டு அமெரிக்கா சென்றார். ஹார்வர்டில் படித்துக்கொண்டே, வயிற்றுப்பாட்டுக்கு இரவில் மருத்துவமனையில் எடுபிடி வேலை பார்த்தார். இரத்தத்தில் பாஸ்பரசை அளக்க ஃபிஸ்க் என்பவருடன் சேர்ந்து 1925-ல் முறை வகுத்தார். ஆயினும் அங்கே நிரந்தரப் பதவி கிட்டவில்லை. 1940-ல் லெடர்லே மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார்.

இரண்டாம் உலகப் போரில், பசிபிக் தீவுகளுக்குச் சென்ற அமெரிக்கச் சிப்பாய்கள் பலரை இந்தப் புழு பற்றியது. அதுவரை இருந்தவை ஆர்செனிக், ஆன்டிமனி போன்ற நச்சு ஊசிகளே. சுப்பாராவின் குழுவினர், புழுத் தொற்றிய பருத்தி எலிகளுக்கு ஒவ்வொரு ரசாயனமாகக் கொடுத்துப் பார்த்தனர். கடைசியில் ஒன்று பலித்தது. அதுதான் டைஎதில்கார்பமசின், விற்பனைப் பெயர் ஹெட்ரசான். 1947-ல் செய்தி உலகுக்குத் தெரிந்தது. வாயில் போட்டு விழுங்கினாலே, இரத்தத்திலுள்ள குஞ்சுப் புழுக்கள் பெரும்பாலும் ஒழிந்தன.

ஒன்றை மறக்கக் கூடாது. முற்றிப் பருத்த காலை இம்மருந்து பழையபடி ஆக்காது; தாய்ப் புழுக்கள் எல்லாவற்றையும் கொல்லவும் செய்யாது. ஆகவேதான், நோய் வெளியே தெரியுமுன்பே ஊரார் அனைவருக்கும் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்தது. இரத்தத்தில் குஞ்சுகள் இல்லையென்றால், கொசு எதைச் சுமந்து செல்லும்?

1948 ஆகஸ்டில், தமது 53-ம் வயதில், உறக்கத்திலேயே சுப்பாராவ் காலமானார். தாய்நாட்டுக்கு அவர் திரும்பவே இல்லை. ஆனால், 1955-ல் இந்திய அரசு யானைக்கால் ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது, அவருடைய மாத்திரை இங்கே வந்து சேர்ந்தது. நோய் பரவியுள்ள ஊர்களில் இன்றும் அது வீடு தேடி வருகிறது. கர்ப்பிணிகள், 2 வயதுக்குட்பட்ட குழந்தைகள், கடும் நோயாளிகள் தவிர மற்றவர்கள், எனக்குத்தான் நோயில்லையே என்று அதைத் தள்ளிவிடலாகாது.