முட்டை உடையாத வண்டி
ஏழைக்கும் சுகப் பயணம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த பிரெஞ்சுக்காரரின் கதை

அதிகாலை நேரம். பாகூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சிறு சரக்கு வண்டி புதுச்சேரி பெரிய மார்க்கெட்டை நோக்கி வருகிறது. பின்னால் கத்தரிக்காய்க் கூடைகள். பக்கத்தில் அடுக்கடுக்காக முட்டைத் தட்டுகள்.

வழியில் ஒரு பள்ளம். தடால் என்று ஒரு குலுக்கல்! ஓட்டுபவருக்கு இடுப்பில் வலி. தட்டில் நாலைந்து முட்டைகள் காலி. அன்றைய லாபத்தில் ஒரு பகுதி அந்தப் பள்ளத்தோடு போயிற்று.

இந்த வலியும் இந்த நஷ்டமும் உலகம் முழுவதும் உண்டு. இதைத் தன் சொந்த வேதனையாக எண்ணியவர் ஒருவர் இருந்தார். குடியானவனின் முட்டைக் கூடைக்காகவே ஒரு கார் செய்யச் சொன்னார். அவர் பெயர் பியேர் பூலான்ஜே.

பிரெஞ்சு மொழியில் பூலான்ஜே என்றால் ரொட்டி சுடுகிறவர் என்று பொருள். புதுச்சேரிக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இவர் ரொட்டி சுடவில்லை. வீடு கட்டினார். பிறகு வண்டி கட்டினார்.

கடல் கடந்து போனவர்

பூலான்ஜே 1885-ஆம் ஆண்டு வட பிரான்சில் பிறந்தார். 1908-இல் பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வட அமெரிக்கா போனார். கிடைத்த வேலைகளைச் செய்தார். பிறகு கனடாவில் வீடுகள் கட்டும் தொழிலைச் சொந்தமாகத் தொடங்கினார்.

1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. பூலான்ஜே தாய்நாட்டுக்குத் திரும்பிப் படையில் சேர்ந்தார். விமானத்திலிருந்து எதிரிகளின் நிலைகளைப் படம் எடுக்கும் பிரிவில் பணியாற்றி, காப்டனாக உயர்ந்தார்.

போர் முடிந்தது. மிஷ்லென் என்ற பெரிய டயர் கம்பெனி அவரை வேலைக்கு அழைத்துக் கொண்டது. என்ன வேலை? தொழிலாளர்களுக்கு வீடு கட்டும் வேலை! மண்ணிலும் செங்கல்லிலும் உழைத்த மனிதர் படிப்படியாக அந்தக் கம்பெனியின் தலைவர்களில் ஒருவரானார்.

அப்போது பாரிஸ் நகரில் சித்ரோயன் கார்க் கம்பெனி கொடிகட்டிப் பறந்தது. ஐபெல் கோபுரத்திலேயே தன் பெயரை விளக்குகளால் எழுதி வைத்தவர் ஆந்த்ரே சித்ரோயன். ஆனால் 1934-இல் அவருடைய கம்பெனி கடனில் மூழ்கியது. பெருங்கடன் கொடுத்திருந்த மிஷ்லென் கம்பெனியே அதை ஏற்று நடத்த வேண்டி வந்தது. மறு ஆண்டு சித்ரோயன் காலமானார்.

கம்பெனியை நிமிர்த்தும் பொறுப்பு பியேர் மிஷ்லென், பியேர் பூலான்ஜே ஆகிய இருவரிடம் வந்தது. 1937-இல் மிஷ்லென் சாலை விபத்தில் மாண்டார். முழுப் பாரமும் பூலான்ஜேயின் தோளில் விழுந்தது.

விசித்திரமான நிபந்தனைகள்

அந்நாளில் பிரெஞ்சுக் குடியானவர்கள் பெரும்பாலும் குதிரை வண்டியில்தான் சந்தைக்குப் போனார்கள். கார் என்பது பணக்காரர் வீட்டுப் பொருள்.

பூலான்ஜே ஆட்களை ஊர் ஊராக அனுப்பினார். மக்களுக்கு எப்படிப்பட்ட வண்டி வேண்டும் என்று கேட்டு வரச் செய்தார். பிறகு தன் என்ஜினீயர்களைக் கூப்பிட்டுச் சில நிபந்தனைகளை வைத்தார்.

மரக்கட்டைச் செருப்பு அணிந்த இரண்டு குடியானவர்கள் அதில் உட்கார வேண்டும். கூடவே 50 கிலோ உருளைக்கிழங்கு ஏற்ற வேண்டும். மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகம் போக வேண்டும். 100 கிலோ மீட்டருக்கு 3 லிட்டர் பெட்ரோலுக்கு மேல் குடிக்கக் கூடாது. விலையோ மிக மலிவாக இருக்க வேண்டும்.

கடைசி நிபந்தனைதான் எல்லோரையும் திகைக்க வைத்தது. ஒரு கூடை முட்டையுடன் உழுத வயலின் குறுக்கே ஓட்டினால், ஒரு முட்டைகூட உடையக் கூடாது!

அழகைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. எடையைப் பற்றித்தான் கவலை. ஒவ்வொரு உறுப்பையும் தராசில் போட்டு நிறுத்துப் பார்க்கச் சொல்வார். அவர் நெட்டையான மனிதர். தொப்பியைக் கழற்றாமலே மாதிரி வண்டியில் ஏறி உட்காருவாராம். தொப்பி கூரையில் இடித்தால், வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியதுதான்!

குலுக்கல் எங்கிருந்து வருகிறது?

முட்டை ஏன் உடைகிறது? ஒரு சரக்கு வண்டியின் அடியில் குனிந்து பாருங்கள். வில்லைப் போல் வளைந்த இரும்புப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டப்பட்டிருக்கும். இதைக் கமான் பட்டை என்பார்கள்.

அதிகப் பாரம் ஏற்ற விரும்புகிறவர்கள் மெக்கானிக்கிடம் போய் இன்னும் ஒரு பட்டை சேர்ப்பார்கள். வண்டி தாழாது, உண்மைதான். ஆனால் கமான் விறைத்துப் போகும். சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது, ரோட்டில் கிடக்கும் ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் தெரியும்!

சக்கரம் மேட்டில் ஏறும்போது வண்டியும் சேர்ந்து எகிறினால் அது குலுக்கல். சக்கரம் மட்டும் ஏறி இறங்க, வண்டி அசையாமல் மிதந்து போனால் அது சுகம்.

முன்பு மோர்ப் பானைகளைக் காவடி கட்டித் தூக்கி வருவார்கள். விறைப்பான தடியில் கட்டினால் அடிக்கு அடி மோர் சிந்தும். மூங்கில் தடியோ நடைக்கு ஏற்ப வளைந்து நிமிரும். மோர் சிந்தாது. தோளும் வலிக்காது. பூலான்ஜேயின் என்ஜினீயர்கள் தேடியது இந்த மூங்கிலின் குணத்தைத்தான்.

பல தடவை மாற்றி மாற்றிச் செய்து பார்த்தார்கள். கடைசியில் நான்கு சக்கரங்களையும் நான்கு நீண்ட கைகளில் பொருத்தினார்கள். முன் சக்கரத்தின் கை முன்னோக்கி நீண்டது. பின் சக்கரத்தின் கை பின்னோக்கி நீண்டது. வண்டியின் இரு புறமும் அடியில் ஒவ்வோர் உருளையைப் படுக்க வைத்து, அதற்குள் மெத்தென்ற சுருள் வில்களை அடக்கினார்கள். முன் கையும் பின் கையும் அந்த ஒரே உருளையோடு இணைந்தன.

முன் சக்கரம் பள்ளத்திலோ மேட்டிலோ பட்டால், அந்தச் செய்தி உருளை வழியாகப் பின் சக்கரத்தின் வில்லுக்கும் போய்விடும். அதனால் வண்டியின் மூக்கு மட்டும் தூக்கிக்கொண்டு, வால் தாழ்ந்து ஊஞ்சலாடுவது குறைந்தது. வளைவில் திரும்பும்போது வண்டி பயங்கரமாகச் சாயும். ஆனால் சக்கரங்கள் தரையை விடமாட்டா.

எதிரிக்குக் கொடுக்க மாட்டேன்!

1939 ஆகஸ்டில் முதல் வண்டிகள் தயாராயின. சுமார் 250 வண்டிகள். அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் வைக்க ஏற்பாடு. ஆனால் செப்டம்பர் 3-ஆம் தேதி பிரான்ஸ் ஜெர்மனி மீது போர் அறிவித்தது. கண்காட்சி நின்றது.

1940-இல் ஜெர்மானியர் பாரிசைப் பிடித்தார்கள். பூலான்ஜே என்ன செய்தார் தெரியுமா? பல ஆண்டுகள் பாடுபட்டுச் செய்த அந்த வண்டிகளை அழித்துவிடும்படி உத்தரவிட்டார்! சில வண்டிகளை மட்டும் ஆட்கள் மறைத்து வைத்தார்கள். தன் குழந்தையைப் போல வளர்த்த பொருளானாலும், எதிரியின் கையில் சிக்கக் கூடாது என்பது அவர் உறுதி.

ஜெர்மனியின் பெயர்பெற்ற கார் நிபுணர் பெர்டினாண்ட் போர்ஷே அவரைச் சந்திக்க விரும்பினார். பூலான்ஜே மறுத்துவிட்டார். ஜெர்மானிய அதிகாரிகளோடு நேரில் பேசுவதையே தவிர்த்தார்.

அவருடைய தொழிற்சாலையில் ஜெர்மன் படைக்கு லாரிகள் செய்து தர வேண்டும் என்று கட்டளை வந்தது. வேலை ஆமை வேகத்தில் நடந்தது. இன்னொரு தந்திரமும் நடந்ததாகச் சொல்வார்கள். என்ஜினில் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஒரு குச்சி உண்டு. அதில் உள்ள அடையாளக் கோட்டை இடம் மாற்றி வெட்டினார்களாம். எண்ணெய் குறைந்தாலும் குச்சியில் நிறைந்திருப்பதாகவே தெரியும். சில நாள் ஓடியதும் என்ஜின் இறுகி லாரி நடுவழியில் நின்றுவிடும்!

பிடிபட்டிருந்தால் உயிர் போயிருக்கும். பாரிஸ் விடுதலை அடைந்தபோது ஜெர்மன் ரகசியப் போலீசாரிடம் ஒரு பட்டியல் அகப்பட்டது. கைது செய்ய வேண்டிய முக்கிய எதிரிகளின் பட்டியல் அது. அதில் பூலான்ஜேயின் பெயரும் இருந்தது.

சிரித்தவர்கள் வாயடைத்தார்கள்

இவ்வளவு நெருக்கடியிலும் வண்டியைத் திருத்தும் வேலை ரகசியமாக நடந்தே வந்தது. 1948 அக்டோபர் 7-ஆம் தேதி. பாரிஸ் கண்காட்சியில், பிரெஞ்சு ஜனாதிபதி முன்னிலையில் பூலான்ஜே தன் வண்டியின் மூடுதுணியை விலக்கினார். அப்போது புதுச்சேரியிலும் பிரெஞ்சுக் கொடிதான் பறந்து கொண்டிருந்தது.

நரைத்த தகரப் பெட்டி போன்ற உடல். துணிக் கூரை. 375 சி.சி. என்ஜின். பெயர் தெ ஷெவோ, அதாவது இரண்டு குதிரை. பத்திரிகைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கேலி எழுதினார்கள்.

ஆனால் மக்கள் சிரிக்கவில்லை. குடியானவர்களும் நாட்டுப்புற டாக்டர்களும் சிறு கடைக்காரர்களும் பணத்தோடு வந்து நின்றார்கள். பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள்!

அந்த வெற்றியை முழுதும் காண பூலான்ஜேக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1950 நவம்பர் 11-ஆம் தேதி அவர் காரில் போய்க் கொண்டிருந்தபோது சாலை விபத்தில் மாண்டார். வயது 65. சாலையின் அதிர்ச்சியிலிருந்து மற்றவர்களைக் காக்க வாழ்நாளைச் செலவிட்டவரைச் சாலையே கொண்டு போயிற்று.

அவருக்குப் பின்

மறு ஆண்டே அந்தக் காரின் அடிப்படையில் 250 கிலோ சரக்கு ஏற்றும் சிறு வான் வெளிவந்தது. தபாலும் காய்கறியும் ரொட்டியும் அதில் வீடு தேடிச் சென்றன. 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் கடற்படையினர் இதே வண்டியைத் திறந்த பின்புறம் உள்ள சரக்கு வண்டியாக வாங்கினார்கள். கப்பலிலிருந்து ஹெலிகாப்டரில் கட்டித் தூக்கிக் கரையில் இறக்கினார்கள். எடை குறைவு என்பதுதான் காரணம். பூலான்ஜேயின் தராசு வீண் போகவில்லை!

1990 ஜூலை வரை அந்த வண்டி தயாராகி வந்தது. 42 ஆண்டு கால வாழ்வில் கார்கள் மட்டும் 38 லட்சத்துக்கு மேல். வான்கள் 12 லட்சத்துக்கு மேல். போருக்கு முன் மறைத்து வைத்த முதல் வண்டிகளில் மூன்று, 1990-களில் ஒரு களஞ்சியத்தின் பரணிலிருந்து கண்டெடுக்கப்பட்டன.

பூலான்ஜே பணிபுரிந்த இரண்டு கம்பெனிகளும் பிற்காலத்தில் நம் பக்கம் வந்தன. மிஷ்லென் டயர்த் தொழிற்சாலையும் சித்ரோயன் கார்த் தொழிற்சாலையும் திருவள்ளூர் மாவட்டத்தில் அமைந்தன.

அவர் கதையிலிருந்து நம் ஊர் வண்டிக்காரர்களுக்கு ஒரு பாடம் உண்டு. கமானில் பட்டையை ஏற்றிக்கொண்டே போனால் வண்டி பலசாலி ஆகிவிடாது. பிரேக்கின் பலமும் அச்சின் பலமும் பழைய பலம்தான். பாரம் ஏறும்போது மட்டும் வேலை செய்யும் துணைப் பட்டை, ஒழுங்கான ஷாக் அப்சார்பர், அளவான டயர்க் காற்று, அனுமதித்த எடை. இவை இருந்தால் வண்டிக்கும் நல்லது. ஓட்டுபவர் இடுப்புக்கும் நல்லது.

சுகமான பயணம் செல்வந்தருக்கு மட்டும் உரியதல்ல. சந்தைக்குப் போகும் கிழவியின் கூடைக்கும் அது வேண்டும். பூலான்ஜே நம்பியது இதைத்தான். அடுத்த முறை பள்ளத்தில் வண்டி குலுங்கும்போது, தொப்பியைக் கழற்றாத அந்த நெட்டை மனிதரை ஒரு கணம் நினைத்துக் கொள்ளுங்கள்.