மறதி நோய்க்குப் பெயர் தந்த மருத்துவர்: அலோய்ஸ் அல்சைமர் கண்ட புரதத் திரட்டுகள்

முதுமை மறதியின் மறுபெயராகவே இன்று வழங்கும் அல்சைமர் என்ற சொல், ஜெர்மானிய மருத்துவர் ஒருவரின் பெயராகும். இறந்த பெண்ணின் மூளையில் அவர் கண்ட திரட்டுகள் நரம்பணுக்களின் மின் செயல்பாட்டை எவ்வாறு குலைக்கின்றன என்பது, அவர் மறைந்து பல பத்தாண்டுகளுக்குப் பின்னரே புலப்படத் தொடங்கியது.

பவேரியாவின் மார்க்ட்பிரைட் என்னும் ஊரில் 1864ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் தேதி பிறந்தவர் அலோய்ஸ் அல்சைமர். 1887இல் மருத்துவப் பட்டம் பெற்ற அவர், மறு ஆண்டே பிராங்பர்ட் மனநல மருத்துவமனையில் பணியில் சேர்ந்தார். நரம்பணுக்களுக்குச் சாயமேற்றி ஆராய்வதில் வல்லவரான பிரான்ஸ் நிசில் அங்கு அவருக்கு நண்பரானார்.

பெயரை மறந்த பெண்:

1901ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் தேதி, 51 வயதான அகஸ்தே டெட்டர் அம்மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டார். பெயரை எழுதச் சொன்னால் திருமதி என்பதோடு நின்றுவிடுவார். எஞ்சியது நினைவுக்கு வராது. அதே ஆண்டில்தான் அல்சைமர் தம் மனைவியை இழந்து, மூன்று குழந்தைகளுடன் தனித்திருந்தார். 1903இல் எமில் கிரேப்பலினுடன் மியூனிக் சென்ற பிறகும் அகஸ்தேயின் நிலையை அவர் தொடர்ந்து கேட்டறிந்து வந்தார்.

1906 ஏப்ரலில் அகஸ்தே உயிரிழந்தார். மியூனிக்கிற்கு அனுப்பப்பட்ட அவரது மூளைத் திசுவை வெள்ளிச் சாயமேற்றி ஆராய்ந்தபோது, அணுக்களுக்கு வெளியே படிவுகளும் உள்ளே முறுக்கிய இழைகளும் தெரிந்தன. அவ்வாண்டு நவம்பரில் டூபிங்கன் நகரில் நடந்த மருத்துவர் கூட்டத்தில் இதை அவர் விவரித்தார். ஒருவர்கூடக் கேள்வி எழுப்பவில்லை. எனினும் 1910இல் கிரேப்பலின் தமது பாடநூலில் அந்நோய்க்கு அல்சைமரின் பெயரையே சூட்டினார்.

1912இல் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகப் பேராசிரியரான அல்சைமர், 1915ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் தேதி காலமானார். அகஸ்தே மருத்துவமனைக்கு வந்தபோது இருந்த அதே 51 வயதுதான் அப்போது அவருக்கும்.

அவர் காண இயலாதது:

சாயமேற்றிய திசு அணுவின் வடிவத்தைக் காட்டுமே தவிர, அதன் மின் துடிப்பைக் காட்டாது. மனித மூளையின் மின்னலைகளை ஹான்ஸ் பெர்கர் முதன்முதலில் பதிவு செய்தது 1924இல்தான். படிவுகளில் உள்ள அமிலாய்டு பீட்டா என்ற புரதம் 1984இல் அடையாளம் காணப்பட்டது. இழைகளில் இருப்பது டௌ புரதம் என்பது அதன்பின் தெளிவானது.

அல்சைமர் ஆய்வு செய்த அதே மியூனிக் நகர ஆய்வாளர்கள், உயிருள்ள எலிகளின் மூளையை ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட முடிவு எதிர்பாராததாக இருந்தது. நரம்பணுக்களில் ஒரு பகுதி ஓய்ந்திருக்க, படிவுகளை ஒட்டியிருந்த பல அணுக்கள் அளவுக்கு மீறித் துடித்தன. தூண்டும் வேதிப்பொருளான குளூட்டமேட், அணுக்களின் இணைப்பிடத்திலிருந்து அகற்றப்படுவதை அமிலாய்டு பீட்டா தடுப்பது இதற்கு ஒரு காரணம் எனப் பின்னர் கண்டறியப்பட்டது. டௌ புரதமோ அணுக்களை அடக்கி ஒடுக்குவதாக எலிகளில் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. அல்சைமர் நோயாளிகளுக்கு வலிப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதும் குறிப்பிடத்தக்கது.

அமிலாய்டு படிவுகளை அகற்றும் லெகனமாப் மருந்துக்கு 2023இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. அது தொடக்க நிலை நோயின் வேகத்தை ஓரளவு குறைக்கிறது. ஆயினும் அகஸ்தே இழந்ததைப் போன்ற நினைவுகளை மீட்டுத் தரும் மருந்து இன்றும் இல்லை.