ஜி.டி. நாயுடுவும் எங்க அம்மாயியின் மிக்ஸியும்

இந்தியாவின் எடிசன் என்று ஜி.டி. நாயுடுவைப் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் ராசிபுரம் பக்கம் ஒரு கிராமம். எங்க குடும்பத்துல படிக்க வந்த முதல் ஆள் நான்தான். அதனாலோ என்னவோ, அவர் ஆரம்பப் பள்ளியோடு நின்றவர் என்பதுதான் முதலில் மனசில் ஒட்டியது.

1893-ல் கோவை அருகே கலங்கல் கிராமத்தில் பிறந்தார். வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிள் மேல் ஆசை. ஓட்டலில் சர்வர் வேலை பார்த்து, காசு சேர்த்து, அதையே வாங்கினார். வாங்கியதும் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டினார். (நாம லேபில் பிரிச்சா திட்டு விழும்!) 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரே ஒரு பஸ் விட்டார், அது பெரிய கம்பெனியானது. 1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின்மோட்டார் செய்தார்.

எனக்குப் பிடித்தது அவர் செய்த வீட்டுச் சாமான்கள்தான். பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, பேட்டரியில் ஓடும் ரேசர். கரண்டே வராத வீட்டில்கூட அந்த விசிறி சுற்றும். பிளேடு பிடித்தால் எங்க அப்பாருவுக்குக் கை நடுங்கும். வாரம் ஒரு வெட்டு நிச்சயம். அப்படிப்பட்ட கைக்கு அந்த ரேசர் எவ்வளவு வசதி!

1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி அமையக் காரணமாக இருந்தார். நான்கு வருஷப் படிப்பு வீண், இரண்டு வருஷம் போதும் என்பது அவர் கட்சி. அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை, விலகிவிட்டார். மூணு வருஷம் படிக்கிற எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. 1974 ஜனவரியில் காலமானார்.

அவரைப் படித்த பிறகுதான் எங்க வீட்டு மிக்ஸியை உற்றுப் பார்த்தேன். அம்மாயிக்கு விரல் மூட்டெல்லாம் வீக்கம். ஈரக் கையோடு அந்தச் சின்ன உருண்டைத் திருகைத் திருப்ப முடியாமல், அம்மா தறி ஓட்டிவிட்டு வரும்வரை சட்னிக்குக் காத்திருக்கும். திருகின் மேல் நாலு அங்குலத்துக்கு ஒரு கைப்பிடி பொருத்தினேன். நெம்புகோல் கணக்குதான். அம்மாயி ஒரே விரலால் தள்ளியது. அன்றைக்குச் சாயந்திரமே ஒண்ணாவது படிக்கும் தம்பியும் ஒரே விரலால் தள்ளிவிட்டான்! நல்லவேளை, ஜாடி மாட்டியிருக்கவில்லை.

உடனே கழற்றிவிட்டேன். இப்போது ஜாடி மூடியை அழுத்திப் பூட்டினால்தான் மோட்டாருக்குக் கரண்ட் போகிற மாதிரி ஒரு சுவிட்ச் வைத்துப் பார்க்கிறேன். ஆனால் அந்த மூடியை அழுத்தவும் அம்மாயிக்கு விரலில் பலம் வேண்டுமே! அங்கேதான் நிற்கிறேன்.