யாக்கோப் கிறிஸ்டியன் யாக்கோப்சன்

யாக்கோப் கிறிஸ்டியன் யாக்கோப்சன் (செப்டெம்பர் 2, 1811 – ஏப்ரல் 30, 1887) டென்மார்க் நாட்டுத் தொழிலதிபரும் கொடையாளரும் ஆவார். கார்ல்ஸ்பெர்க் பியர் ஆலையை நிறுவியவர் இவரே.

வாழ்க்கை

கோப்பன்ஹேகனில் பியர் வடிப்பவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1845 இல் மியூனிக் நகரின் ஸ்பாட்டன் ஆலையிலிருந்து ஈஸ்ட் பெற்றுவந்தார். அது வழியில் கெடாதிருக்க, வண்டி நின்ற இடங்களிலெல்லாம் குளிர்நீர் ஊற்றிக் காத்தார் என்பர். 1847 இல் வால்பி குன்றில் புதிய ஆலையைத் தொடங்கி, மகன் கார்லின் பெயரை இட்டார். பெயரிலுள்ள 'பெர்க்' குன்றைக் குறிக்கும்.

அறிவியல் பணி

1875 இல் ஆய்வகமும் 1876 இல் அறக்கட்டளையும் நிறுவினார். ஆய்வு முடிவுகளை மறைத்தல் கூடாது என்பது இவரது விதியாகும். 1883 இல் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் இங்கு தூய ஈஸ்ட்டைப் பிரித்து வளர்த்தபோது, அது போட்டி ஆலைகளுக்கும் இலவசமாக வழங்கப்பட்டது.

மகனுடன் பிணக்கு

பியரை நெடுங்காலம் முதிரவைத்தலே தரம் என்று யாக்கோப்சன் கருதினார். கார்ல் விரைவான, மிகுதியான உற்பத்தியை விரும்பினார். பிணக்கு முற்றவே, கார்ல் அருகிலேயே தனி ஆலை தொடங்கினார். தந்தையோ தம் ஆலையை அறக்கட்டளைக்கே எழுதிவைத்தார். இறப்பதற்குச் சற்று முன்னரே இருவரும் இணங்கினர். 1906 இல் இரு ஆலைகளும் இணைந்தன.

ஆலை வளாகம்

2008 இல் பெருமளவு உற்பத்தி பிரெடெரிசியா நகருக்கு மாற்றப்பட்டது. பின்னர் ஆலை வளாகம் அலுவலகங்கள், கடைகள், குடியிருப்புகள் கொண்ட நகர்ப்பகுதியாக மாற்றியமைக்கப்பட்டது. 2016 இல் உயர்கல்வி நிறுவனம் ஒன்றும் அங்கு இடம்பெயர்ந்தது. பழைய கட்டிடங்கள் பல பேணப்பட்டன. அவற்றுள் யாக்கோப்சனின் இல்லமும் ஒன்று. அவரது விருப்பப்படி அறிஞர்களுக்கு உறைவிடமாக அளிக்கப்பட்ட அவ்வில்லத்தில் இயற்பியலாளர் நீல்ஸ் போர் 1932 முதல் 1962 வரை வாழ்ந்தார்.