லண்டன் டு டார்வின் – பத்தொன்பதரை நாள்!

ஜியாகரபி ரூமில் இருக்கிற உலக உருண்டையில் லண்டனில் ஒரு நூலை வச்சு, ஆஸ்திரேலியாவின் வடக்கு ஓரத்தில் இருக்கிற டார்வின் வரைக்கும் இழுத்துப் பாருங்க. சுமார் 14,000 கி.மீ. வரும். இந்தத் தூரத்தை 1930லேயே ஒரு பெண் தனி ஆளா பறந்து கடந்தார். அவர்தான் எமி ஜான்சன்.

1903ல் இங்கிலாந்தில் ஹல் என்ற துறைமுக ஊரில் பிறந்தார். அப்பா மீன் வியாபாரி. எமி பொருளாதாரம் படிச்சுட்டு லண்டனில் ஒரு வக்கீல் ஆபீசில் வேலை பார்த்தார். சம்பளத்தில் மிச்சம் பிடிச்சு விமானம் ஓட்டக் கத்துக்கிட்டார். ஓட்டினா மட்டும் போதாதுன்னு இன்ஜின் ரிப்பேர் லைசென்ஸும் வாங்கினார். இது பின்னாடி எவ்வளவு உதவிச்சுன்னு பாருங்க!

ஹிங்க்ளர் என்பவர் 1928ல் பதினைந்தரை நாளில் ஆஸ்திரேலியா போயிருந்தார். அதை முறியடிக்கணும் என்பதுதான் எமியின் ஆசை. ஆனா அதுவரை அவர் தனியா பறந்த அதிக தூரமே லண்டனில் இருந்து சொந்த ஊர் வரைதான்! அப்பாவும் இன்னொருவரும் பணம் கொடுக்க, ஒரு பழைய 'ஜிப்ஸி மாத்' விமானம் வாங்கினார். அப்பாவோட மீன் கம்பெனி மார்க்கான 'ஜேசன்' என்பதையே அதுக்குப் பெயரா வச்சார்.

1930 மே 5 அன்று கிளம்பினார். விமானத்தில் ரேடியோ கிடையாது, மேலே மூடியும் கிடையாது. ஆறு நாளில் கராச்சி! ஹிங்க்ளரை விட ரெண்டு நாள் முன்னாடி. அப்புறம் ஜான்சி, அலகாபாத், கல்கத்தா வழியா பர்மா போனார். அங்கேதான் வினை. ரங்கூன் பக்கத்தில் இன்செயின் என்ற இடத்தில், ஒரு தொழில்நுட்பப் பள்ளி மைதானத்தில் இறங்கும்போது விமானம் பள்ளத்தில் விழுந்து இறக்கை கிழிஞ்சுபோச்சு. பழைய விமானத் துணியில் தைச்ச சட்டைகளைப் பிரிச்சு இறக்கைக்கு ஒட்டுப் போட்டாங்க. புரொப்பெல்லர் உடைஞ்சதுக்கு, கையோட கட்டிக் கொண்டுவந்த ஸ்பேர் இருந்தது. ஆனா மூணு நாள் போயிடுச்சு, சாதனையும் போயிடுச்சு. மே 24 அன்று டார்வினில் இறங்கினார். இங்கிலாந்தில் இருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியா பறந்த முதல் பெண் அவர்தான்.

ஒரு சின்னக் கணக்கு. அவர் சுத்தி வந்த தூரம் சுமார் 18,000 கி.மீ. விமானத்தின் வேகம் மணிக்கு 135 கி.மீ.ன்னு வச்சா, பறந்த நேரம் 133 மணி, ஆறு நாள்கூட இல்லை! மத்த நாளெல்லாம் பெட்ரோல், ரிப்பேர், ராத்திரி, மழைன்னு தரையிலேயே போச்சு. 2018ல் லண்டன் – பெர்த் நேரடி விமானம் தொடங்கினப்போ, 14,500 கி.மீ.க்கு ஆன நேரம் 17 மணிதான்.

இரண்டாம் உலகப் போரில் எமி விமானப் படைக்கு விமானங்களைக் கொண்டு சேர்க்கிற வேலை செய்தார். 1941 ஜனவரி 5, வெறும் 250 கி.மீ. பயணம். மோசமான வானிலையில் வழி தவறி, தேம்ஸ் ஆறு கடலில் கலக்கிற இடத்தில் பாராசூட்டில் விழுந்தார். அவரைக் காப்பாத்தக் குதிச்ச கப்பல் கேப்டனும் இறந்துட்டார். எமியின் உடல் கிடைக்கவே இல்லை. அப்போ அவருக்கு வயசு 37.

'ஜேசன்' விமானம் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கு. ரெண்டு இறக்கையும் சேர்த்து அகலம் 30 அடிதான்.